வாசகர் கேள்வி–பதில்: அட்டவணையில் பெயர் இல்லாத ஞாயிறு

பெருமை, தாழ்மை பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்கென்று சேர்த்து வைத்திருந்தோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. எங்கள் தமிழ்ச் சபையில் 14 வருடமாக ஆராதனை நடத்துகிறேன். போன மாதம் போதகர், மாதத்தில் இரண்டு ஞாயிறை 23 வயதுத் தம்பி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாட்சாப் குழுவில் அட்டவணை வந்தபோதுதான் எனக்கே தெரியும். அந்தத் தம்பி பாடும் ஞாயிறுகளில் என்னால் ஆராதிக்க முடியவில்லை. எங்கே சுருதி விலகுகிறது, எந்த வரியை விட்டான் என்றுதான் மனம் போகிறது. இது பெருமையா, மனக்காயமா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: சகோதரரே, இரண்டும் இருக்கிறது. முதலில் இரண்டையும் பிரித்துவிடுவோம். பிரிக்காமல் விட்டால் காயத்தைக் காட்டியே பெருமை தப்பித்துக்கொள்ளும்.

14 வருடம் உழைத்தவருக்கு நேரில் சொல்லாமல் குழுவில் அட்டவணையைப் போட்டது முறையல்ல. அது போதகரின் தவறு. அதற்கு வருத்தப்படுவது பெருமையாகாது. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு தம்பியின் சுருதியை எடைபோடுவது வேறு கணக்கு. உங்களையே கேட்டுப் பாருங்கள். போதகர் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் இந்த ஞாயிறுகளில் உங்களால் பாட முடிந்திருக்குமா? தம்பி ஒரு வரியைத் தவறவிடும்போது உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்க்கிறதா? வாசலில் யாராவது, "அண்ணே, நீங்க பாடுற மாதிரி வராது" என்றால், அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோய் எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? முதல் கேள்விக்கு 'முடிந்திருக்கும்' என்று மனசு சொன்னால் காயம்தான் பெரிது, அது போதகரோடு பேசினால் ஆறும். மற்ற இரண்டும் உங்களைச் சுடுகிறது என்றால் கீழே வருவதை நிதானமாகப் படியுங்கள்.

பெருமை நமக்கு நன்றாக வருகிற காரியத்தில்தான் வந்து ஒட்டும். 2 நாளாகமம் 26-ஐ முழுவதுமாக வாசியுங்கள். உசியா 16 வயதில் ராஜாவாகி 52 வருடம் ஆண்டவன். கோபுரங்கள் கட்டினான், கிணறுகள் வெட்டினான், பயிர்த்தொழிலை விரும்பிச் செய்தான், அம்பும் பெருங்கல்லும் எறியும் கருவிகளை மதில் மூலைகளில் நிறுத்தினான். இவ்வளவும் கைகூடி, பலப்பட்ட பிறகுதான் அவன் மனம் மேட்டிமையானது. ஆசாரியர் மட்டுமே செய்ய வேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்ய ஆலயத்துக்குள் போனான். ஆசாரியன் அசரியாவும் அவனோடு 80 ஆசாரியர்களும் எதிர்த்து நின்றார்கள். 19-ஆம் வசனத்தைப் பலரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். உள்ளே நுழைந்தவுடன் குஷ்டம் வரவில்லை. தூபகலசத்தைக் கையில் பிடித்தபடி, தடுத்தவர்கள்மேல் அவன் கோபப்பட்ட நேரத்தில்தான் நெற்றியில் தோன்றியது. அதுவரை திரும்பி நடக்க வழி இருந்தது. உங்களுக்கும் இப்போது அந்த இடைவெளி இருக்கிறது.

இதற்கு மறுபக்கம் பர்னபா. தர்சுவுக்குப் போய் சவுலைத் தேடிப் பிடித்து அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தவர் அவர் (அப்போஸ்தலர் 11:25, 26). 13-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் "பர்னபாவும் சவுலும்" என்று பெயர்கள் வருகின்றன. அந்த அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" ஆகிவிடுகிறது (சவுலின் இன்னொரு பெயர்தான் பவுல்). அதைப் பற்றி பர்னபா முறுமுறுத்ததாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் அவரை வாய் பேசாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்கு என்ற இளைஞனை ஊழியத்துக்கு உடன் அழைத்துப் போவதா என்பதில் அதே பவுலோடு கடுமையாக வாதாடிப் பிரிந்தே போனார் (15:39). தன் பெயர் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதற்காக அவர் சண்டை போடவில்லை, அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியது. போதகரை இந்த வாரத்திலேயே நேரில் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில் வேண்டாம். செய்தி அனுப்பவும் வேண்டாம், அது இன்னொரு குழுவுக்குப் போய்விடும். மனைவியையோ கீபோர்டு வாசிப்பவரையோ சாட்சிக்கு அழைத்துப் போகாதீர்கள். "பாஸ்டர், அட்டவணையைக் குழுவில் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இனிமேல் மாற்றம் இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்." இந்த இரண்டு வாக்கியம் போதும். தம்பியின் குறைகளை அங்கே எடுக்கவே கூடாது. எடுத்தால் நீங்கள் சொன்ன நியாயமான வருத்தமும் பொறாமைக் கணக்கில் போய்ச் சேரும். பெரும்பாலோர் சறுக்குகிற இடம் இன்னொன்று: "அப்போ நாலு வாரமும் அவனுக்கே குடுத்துடுங்க, எனக்கு வேண்டாம்." கேட்பதற்குத் தாழ்மை போல இருக்கும். உண்மையில் அது மிரட்டல்.

தம்பியின் ஞாயிறுகளில் கதவருகே கடைசி வரிசையில் உட்காராதீர்கள், எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முன் வரிசையும் வேண்டாம், அவன் பயப்படுவான். நடுவில் எங்காவது உட்கார்ந்து வாய் திறந்து பாடுங்கள். வாய் பாடிக்கொண்டிருந்தால் காது கொஞ்சம் ஓய்வெடுக்கும். 14 வருடத்தில் சேர்த்து வைத்த பாட்டு ஃபைல் உங்களிடம் இருக்குமே. எந்தப் பாட்டு சபைக்கு எந்த ஸ்கேலில் எட்டும், எதற்குத் தாளம் இழுக்கும் என்ற குறிப்புகளோடு ஒரு நகல் எடுத்து அவன் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது அறிவுரை சேர்க்காதீர்கள். முதல் நான்கு முறை அவன் கேட்காமல் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பத்துக் குறையை ஒரே மூச்சில் கேட்ட பிள்ளை மறுபடி மைக் பிடிக்காது. மைக் கீச்சிடுவது போன்ற விஷயத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, எழுந்து போய்ச் சரிசெய்யுங்கள்.

குறை சொல்லிக்கொண்டு உங்களிடம் வருகிறவர்களுக்கு ஒரே பதில்: "அவன்கிட்டயே சொல்லுங்க." சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்து பாருங்கள். 14 வருடப் பழக்கம் இரண்டு ஜெபத்தில் போய்விடும் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். யாராவது பாராட்டினால், "நான் ஒண்ணுமே இல்ல, எல்லாம் ஆண்டவர்" என்பேன். இது போலித் தாழ்மை என்கிறாள் தோழி. எப்படிப் பதில் சொல்வது? (பட்டர்வொர்த்)

பதில்: "நன்றி, சந்தோஷம்." இவ்வளவு போதும் சகோதரி. உடன் உழைத்தவர் இருந்தால் அவர் செய்ததையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: "படம் வரைஞ்சது அவங்கதான்." ஆண்டவருக்குச் சேர வேண்டிய நன்றியை ராத்திரி ஜெபத்தில் ஆண்டவரிடமே சொல்லலாம். நீங்கள் மறுக்க மறுக்க எதிரில் இருப்பவர் இன்னும் இரண்டு முறை புகழ வேண்டியிருக்கும். பேச்சு முழுக்க உங்களைப் பற்றியே ஓடும்.

உங்கள் தோழி சொல்வது சரியா என்று சோதிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி கிளேர்வோ பெர்னார்டு, பெருமையின் 12 படிகளை வரிசைப்படுத்தினார். ஒன்பதாவது படி, பாசாங்கான பாவ அறிக்கை. 'நான் ஒன்றுமில்லை' என்று நீங்கள் சொல்வதையே வேறொருவர், "ஆமா, போன வாரம் உங்க பாடம் சுமார்தான்" என்று சொல்லட்டும். கோபம் வந்தால் தோழி சொன்னது சரி.

கேள்வி: எங்கள் சபையின் ஆண்டு விழாவில் முதல் இரண்டு வரிசை டத்தோ பட்டம் பெற்றவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும். மாலை, பொன்னாடைக்கு மட்டும் 40 நிமிடம் போகிறது. "மரியாதை கொடுப்பதில் என்ன தவறு?" என்கிறார்கள் குழுவினர். நான் செயலாளர். எப்படி மாற்றுவது? (செந்தூல்)

பதில்: குழுவினர் சொல்வதில் பாதி சரி. கனம்பண்ண வேண்டியவர்களைக் கனம்பண்ணச் சொல்லி ரோமர் 13:7 இருக்கிறது. பட்டம் பெற்றவரை "டத்தோ" என்று அழைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் யாக்கோபு 2-ஆம் அதிகாரம் உங்கள் வாசலில் நின்று பார்த்து எழுதியது போலவே இருக்கும். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்டவருக்கு நல்ல இடம், கந்தை கட்டியவருக்கு 'அங்கே நில், இல்லாவிட்டால் என் பாதபடியண்டையில் உட்கார்.' யாக்கோபு அங்கே குறை சொல்வது பணக்காரரை அல்ல, இடம் காட்டுகிறவர்களை. அதாவது நம் வரவேற்புக் குழுவை.

ஆராதனையையும் விருந்தையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆராதனையில் பெயர் ஒட்டிய நாற்காலி யாருக்கும் வேண்டாம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், முழங்கால் வலியுள்ள முதியோர், கைக்குழந்தைக்காரர்கள் ஆகியோருக்கு மட்டும் ஓரத்தில், எழுந்து போக வசதியான இடங்களை ஒதுக்குங்கள். விருந்தில் சிறப்பு விருந்தினருக்கு ஒரு மேசை இருக்கலாம். போதகரும் மூப்பர்களும் அதில் உட்காராமல் ஆளுக்கொரு மேசையாகப் பிரிந்து உட்காருவது நல்லது. பஃபே என்றால் 70 வயதைத் தாண்டியவர்களும் பிள்ளைகளும் முதலில் எடுக்கட்டும். கமிட்டி கடைசியில் எடுக்கட்டும். ரசம் மட்டும் மிஞ்சினாலும் சரி.

40 நிமிடம் எப்படி வருகிறது தெரியுமா? பெயர் வாசித்து, ஆள் மேடை ஏறி, பொன்னாடை போர்த்தி, புகைப்படம் எடுத்து, கீழே இறங்க ஒருவருக்கு இரண்டரை நிமிடம். 16 பேர் என்றால் சரியாக 40. நன்றியை ஆண்டு மலரில் ஒரு பக்கம் அச்சடித்து, மேடையில் இரண்டு நிமிடத்தில் வாசித்துவிடலாம். பெயர்கள் அகர வரிசையில் இருக்கட்டும். தொகை வேண்டாம். தொகை போட்டால் அடுத்த வருடம் 500 ரிங்கிட் கொடுத்தவர் 50 ரிங்கிட் கொடுத்தவருக்குக் கீழே தன் பெயர் வந்ததைப் பற்றிக் கடிதம் எழுதுவார்.

மாற்றும் விதத்தில் கவனம் தேவை. விழாவன்று காலையில் திடீரென்று மாலையை நிறுத்தினால் அது வந்தவரை அவமானப்படுத்துவதாகிவிடும். இரண்டு மாதம் முன்னதாகக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாக மரியாதை பெறுகிறவர்களுக்குச் செயலாளரே போன் செய்து, "இந்த வருஷம் யாருக்கும் மாலை இல்லை, பாஸ்டருக்கும் இல்லை, நீங்க குடும்பத்தோட வரணும்" என்று சொல்லுங்கள். பாஸ்டருக்கும் இல்லை என்பதுதான் முக்கியம். போதகருக்கு ஆள் உயர மாலையைப் போட்டுவிட்டு டத்தோவுக்குத் தாழ்மையைப் போதிக்க முடியாது. பேனரில் யார் முகம் எத்தனை அடி என்பதையும் அதே கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: மோசே பூமியிலுள்ள எல்லாரிலும் சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12:3 சொல்கிறது. அதை எழுதியவரே மோசே என்றால் அது பெருமையல்லவா? (கோலாலம்பூர்)

பதில்: அந்த வசனம் மோசேயைப் படர்க்கையில் பேசுகிறது. பின்னால் வந்த வேறொரு கை சேர்த்த குறிப்பு அது என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். யார் எழுதியிருந்தாலும் அது வரும் இடத்தைப் பாருங்கள். அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும், 'கர்த்தர் எங்களைக் கொண்டும் பேசவில்லையா' என்று மோசேக்கு விரோதமாகப் பேசிய இடம். மோசே தனக்காக ஒரு வார்த்தையும் பதில் பேசவில்லை. பிறகு மிரியாமுக்குக் குஷ்டம் வந்தபோது அவளைக் குணமாக்கும்படி கெஞ்சியதுதான் அந்த அதிகாரத்தில் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு (12:13).

கேள்வி: கோபத்தில் கத்திவிட்டு மனைவியிடம் மன்னிப்புக் கேட்டால் சண்டை இன்னும் பெரிதாகிறது. நான் தாழ்ந்து போவதில் என்ன குறை? (ஜெலுத்தோங்)

பதில்: என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டீர்கள் என்று எழுதவில்லையே தம்பி. "நீ வருத்தப்பட்டிருந்தா சாரி" என்றோ, "கத்துனது தப்புதான், ஆனா நீயும்…" என்றோ இருந்தால், சண்டை பெரிதானதில் ஆச்சரியமில்லை.

வேதத்தில் 'நான் பாவஞ்செய்தேன்' என்ற இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சவுல் ராஜா 1 சாமுவேல் 15-இல் அப்படிச் சொல்கிறான். 24-ஆம் வசனத்தில் ஜனங்களுக்குப் பயந்து செய்தேன் என்று காரணம் காட்டுகிறான். 30-ஆம் வசனத்தில் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி சாமுவேலைக் கேட்கிறான். மானம் போய்விடக் கூடாதே என்ற கவலைதான் அங்கே. லூக்கா 15-இல், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய மகனும் சொல்கிறான்: "தகப்பனே, பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்." பஞ்சம் வந்தது, நண்பர்கள் கைவிட்டார்கள் என்று ஒரு காரணமும் இல்லை.

அதனால் செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "நேத்து சாப்பாட்டு மேசையில பிள்ளைங்க முன்னாடி உன்னைக் கத்தினேன். அது தப்பு." அதோடு நிறுத்துங்கள். 'ஆனா' வரக்கூடாது. உங்கள் தரப்பு நியாயம் இருந்தால் வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். பிள்ளைகள் முன்னால் கத்தியிருந்தால் பிள்ளைகள் முன்னால்தான் கேட்க வேண்டும். அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டால் பாதிக் கடன் பாக்கி. அவர் அடுப்பில் நிற்கும்போதோ, வேலைக்குப் போகிற அவசரத்திலோ வேண்டாம். "நான் என்ன செய்தா சரியாகும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். உடனே மன்னிப்பு வராவிட்டால், மன்னிக்காதவருக்கு மன்னிப்பில்லை என்கிற மத்தேயு 6:15-ஐ எடுத்து நீட்டாதீர்கள். அந்த வசனம் உங்களைச் சோதித்துப் பார்க்க இருக்கிறது, அவரை மடக்க இல்லை.

கேள்வி: கணவர் அடிக்கிறார். பொறுத்துப் போவதுதான் தாழ்மை என்கிறார்கள் சபையில். (பினாங்கு)

பதில்: இல்லை சகோதரி. விசாரணையில் அன்னா என்ற ஆசாரியரின் முன்னால் சேவகன் அறைந்தபோது இயேசுவும்கூட, தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). பவுல் சாட்டைக்குக் கட்டப்பட்டபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). அடியை மறைப்பது தாழ்மையில் சேராது.

மலேசியாவில், ஆபத்து உடனடி என்றால் 999. ஆலோசனைக்கும் உதவிக்கும் அரசாங்கத்தின் 'தாலியான் காசே' தொலைபேசிச் சேவை 15999, இரவிலும் எடுப்பார்கள். அடிபட்டிருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே பதியும் மருத்துவக் குறிப்பு பின்னால் உதவும். போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களையும் காக்கிறது. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இரண்டையும் எடுத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் வையுங்கள். இதைச் சபையில் யாரிடம் சொல்வது என்று பார்த்துச் சொல்லுங்கள். பொறுத்துப் போகச் சொன்னவரிடம் வேண்டாம்.

கேள்வி: ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆசை. ஒவ்வொரு முறையும் "தலைக்கனம் உண்டு சாமி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருகிறேன். மனம் நிறையவில்லை. (புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: பொதுவாகச் சொன்னால் பொதுவான ஆறுதல்தான் கிடைக்கும். 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார் தலைக்கனத்தை நான்கு வகையாகப் பிரித்தார். என்னிடம் உள்ள நன்மை என்னாலேயே வந்தது என்று நினைப்பது ஒன்று. கடவுள் தந்தார், ஆனால் என் தகுதிக்குத் தந்தார் என்று நினைப்பது இரண்டாவது. இல்லாததை இருப்பதாகச் சொல்லிக்கொள்வது மூன்றாவது. மற்றவரை இகழ்ந்து, இது எனக்கு மட்டும்தான் என்று காட்டிக்கொள்வது நான்காவது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அதிகம் வருவது இரண்டாவது வகை. பிள்ளை நல்ல வேலைக்குப் போனதற்குத் தன் நவநாள் ஜெபமே காரணம் என்று நினைத்து, பிள்ளை தேறாத பக்கத்து வீட்டைப் பார்ப்பது அதில் சேரும்.

முந்தின நாள் ராத்திரி பத்து நிமிடம் உட்கார்ந்து, கடைசிப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு இந்த நான்கில் எது, யாரிடம், ஏறக்குறைய எத்தனை முறை என்று நினைத்துப் பாருங்கள். சாமியாரிடம் மூன்று வாக்கியம் போதும்: "அன்பியக் கூட்டத்தில் ஒருவரை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டிப் பேசினேன். மூன்று நான்கு தடவை. இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை." பெயர்கள் வேண்டாம். நடந்த கதையும் வேண்டாம். கதை நீள நீள மாமியாரின் பாவத்தையும் சேர்த்து நீங்களே அறிக்கையிட்டுவிட்டு வருவீர்கள்.

கேள்வி: 21 நாள் உபவாசம் இருக்கிறோம். குழுத் தலைவர் தினமும் வாட்சாப் ஸ்டேட்டஸில் 'நாள் 5', 'நாள் 6' என்று போடச் சொல்கிறார். மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்குமாம். (பாயான் லெப்பாஸ்)

பதில்: போடாதீர்கள் தம்பி. உபவாசிப்பது மற்றவருக்குத் தெரியாதபடி தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவச் சொன்னார் இயேசு (மத்தேயு 6:17, 18). ஸ்டேட்டஸ் அதற்கு நேர் எதிர். எண்ணிக்கை ஏற ஏற, பாதியில் நிறுத்தியவனைப் பார்க்கிற பார்வையும் மாறும். குழுவுக்குள் ஒருவரையொருவர் தாங்க வேண்டுமென்றால் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போனில் ஜெபியுங்கள்.

யாருக்கும் தெரியவே கூடாது என்றும் இல்லை. வீட்டில் சமைக்கிறவருக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சோறு வீணாகும். மாமாக் உணவுக்கடையில் நண்பர்கள் "சாப்பிடலையா?" என்றால் "சாப்பிட்டுட்டேன்" என்று பொய் சொல்ல வேண்டாம். "இன்னிக்கு வேண்டாம்" என்றால் முடிந்தது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சாப்பிடாமல் அதே அளவு மருந்து போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அப்படி இடையில் நிறுத்த நேர்ந்தால் 'நாள் 9'-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸ் போடாதவருக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டிய வேலையும் இல்லை.